விலை இறங்கும்போதெல்லாம் வரி ஏறுகிறது

(தருமபுரியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘கச்சா எண்ணெய் மலிந்தும் பெட்ரோல், டீசல் விலை குறையாததற்குக் காரணம் உலகச் சந்தையா, உள்நாட்டு வரியா?’ ‘உள்நாட்டு வரியே’ என்ற அணியில் நிகழ்த்திய உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலையை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா மூன்று காரணங்களை அடுக்கினார். டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்துவிட்டது என்றார். உள்நாட்டு விலை கச்சா எண்ணெயைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை, சுத்திகரித்த பெட்ரோல், டீசலின் உலக விலையைப் பார்த்தே நிர்ணயிக்கப்படுகிறது என்றார். எண்ணெய் நிறுவனங்கள் பழைய நட்டத்தை ஈடுகட்ட வேண்டாமா என்றும் கேட்டார். மூன்றிலும் உண்மை உண்டு, நான் மறுக்கவில்லை. அந்த உண்மை எத்தனை ரூபாய்க்குப் பெறும் என்பதுதான் என் கேள்வி.

ரூபாயை எடுத்துக்கொள்வோம். 2014 ஜூனில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு சுமார் 109 டாலர். அன்று ஒரு டாலருக்கு 60 ரூபாய். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். ஆக, ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் 41 ரூபாய். 2025 ஏப்ரலில் பீப்பாய் சுமார் 68 டாலர், டாலர் 85 ரூபாய்க்கு மேல். லிட்டர் கணக்குக்கு வாருங்கள்: 37 ரூபாய்கூட இல்லை. ரூபாய் சரிந்த சரிவு முழுவதையும் சேர்த்த பிறகும் கச்சா எண்ணெய் அன்றைவிட மலிவு! அன்று சென்னையில் பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி விற்றது. 2025 ஏப்ரலில் 100 ரூபாய்க்கு மேல் விற்றது. ஐயா, மூலப்பொருள் நான்கு ரூபாய் இறங்கியிருக்கிறது, விற்பனை விலை இருபத்தைந்து ரூபாய் ஏறியிருக்கிறது. இந்த இடைவெளியை எந்த டாலர் வந்து நிரப்பியது?

நிரப்பியது வரி. 2014-ல் ஒரு லிட்டர் டீசலுக்கு மத்திய கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2025 ஏப்ரல் 8 அன்று அது 17 ரூபாய் 80 காசானது. சரியாக ஐந்து மடங்கு! பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசு, 21 ரூபாய் 90 காசானது. பாலக்கோட்டில் ஒருவர் தம் வண்டிக்கு முப்பது லிட்டர் டீசல் போட்டால், அன்று மத்திய வரியாகக் கட்டியது 107 ரூபாய், 2025 ஏப்ரல் வரிப்படி கட்டியது 534 ரூபாய். மாநில வரி இதில் சேரவில்லை.

எப்போது ஏற்றினார்கள் என்று பாருங்கள், நடுவர் அவர்களே. வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் சரிந்துகொண்டே போய் 30 டாலருக்கும் கீழே வந்தது. அந்தப் பதினைந்து மாதங்களில் கலால் வரி ஒன்பது முறை ஏறியது. பெட்ரோலுக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு. பிறகு கொரோனா. 2020 ஏப்ரலில் பீப்பாய் சராசரி 20 டாலர்கூட இல்லை. மே மாதம் முதல் வாரத்தில் ஒரே இரவில் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏறியது. ஊரே முடங்கி, கையில் காசில்லாமல் மக்கள் வீட்டுக்குள் கிடந்த மாதம் அது! 2025 ஏப்ரலில் எண்ணெய் மறுபடி சரிந்தது, மறுபடி இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். ‘சில்லறை விலை மாறவில்லையே’ என்று சமாதானம் சொல்கிறார்கள். குறைய வேண்டிய விலை குறையாமல் நின்றதே, அதுதானே நமக்கு நேர்ந்த இழப்பு?

2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்களே என்று எதிரணித் தங்கை கேட்டார். குறைத்தார்கள், நன்றி. ஏற்றியதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். 2014-ன் அளவுக்கு ஒருநாளும் அது இறங்கவே இல்லை.

இரண்டாவது காரணம், சுத்திகரித்த எண்ணெயின் உலக விலை. இதற்குப் பதில் நம் எல்லையிலேயே இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. இங்கும் அங்கும் ஒரே நிறுவனங்களின் பங்க்குகள், ஒரே டாலர், ஒரே உலகச் சந்தை. 2024 ஜூன் 15 அன்று கர்நாடக அரசு விற்பனை வரியை உயர்த்தியது. அத்திப்பள்ளிப் பக்கம் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்கு மூன்று ரூபாய் ஏறின. ஜூஜூவாடியில் அந்த ஏற்றம் இல்லை. அந்த மூன்று ரூபாயை ஏற்றியது உலகச் சந்தை இல்லை. அதற்குப் பிறகும் டீசல் அங்கே நம்மைவிடக் குறைவாகவே இருந்தது. பெங்களூருக்கு ஓடும் லாரி டிரைவரைக் கேளுங்கள், எந்தப் பக்கம் டேங்கை நிரப்புவார் என்று. உலகச் சந்தையா விலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நியாயமாகப் பேசுகிறேன், நம் மாநில அரசையும் நான் விடப்போவதில்லை. 2020 மே மாதம் தமிழ்நாடு டீசல் வரியை 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்று மாற்றியது. சதவீத வரி விலை இறங்கினால் தானும் இறங்கும். ரூபாயில் அடித்து வைத்த வரி இறங்காது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள், வரவேற்றோம். டீசலைத் தொடவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களும் ஓடுவதே டீசலில்தான். உழவு ஓட்டும் டிராக்டர், மாங்கூழ் ஆலைக்கு மாங்காய் ஏற்றும் லாரி, ராயக்கோட்டைச் சந்தைக்கு வரும் தக்காளி வண்டி, எல்லாமே டீசல். தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே போகும் நாட்களில் சந்தை வாசலில் நின்று பாருங்கள். ஒரு கிரேட், அதாவது 25 கிலோ பெட்டித் தக்காளியைப் பறித்த கூலி, ஏற்றுக்கூலி, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் போக விவசாயி கையில் ஒன்றும் நிற்பதில்லை. ‘வாடகையில் ஐம்பது குறைத்துக்கொள் தம்பி’ என்று அவர் கேட்பார். ‘டீசலுக்கே சரியாகப் போகிறது அண்ணா’ என்று டிரைவர் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் பழம் செடியிலேயே அழுகுகிறது.

சாலை போட வரி வேண்டாமா என்கிறார்கள். டீசலிலேயே சாலைக்கென்று தனி வரி இருக்கிறது. கட்டுகிறோம். அதற்கு மேல் கிருஷ்ணகிரியில் சுங்கம், தொப்பூர் பாளையத்தில் சுங்கம். அந்த 17 ரூபாய் 80 காசில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு மட்டும். மீதி 16 ரூபாயும் சிறப்புக் கூடுதல் வரி, மேல்வரி என்ற பெயர்களில் மத்திய அரசிடமே தங்கிவிட்டது.

கடைசியாக நிறுவனங்களின் நட்டம். 2022-ல் நட்டப்பட்டது மெய். 2023-24-ல் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சேர்ந்து ஈட்டிய லாபம் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய். அப்போது நமக்கு விலை குறைந்தது லிட்டருக்கு இரண்டு ரூபாய் மட்டும். அதுவும் 2024 மார்ச் 15-ல், மறுநாள் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. 2021 நவம்பரிலிருந்து, ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்து 2022 மார்ச் 22 வரை 137 நாட்கள் விலை அசையவில்லை, கச்சா எண்ணெய் எகிறிக்கொண்டிருந்தபோதும்! அதற்குப் பிறகு பதினாறே நாட்களில் பத்து ரூபாய் ஏறியது. நாள்தோறும் சந்தையே விலை சொல்லும் என்று 2017-ல் கொண்டுவந்த முறை இது. சந்தைக்கு வாக்குச்சாவடி எங்கே இருக்கிறது என்று தெரியுமா, ஐயா?

நடுவர் அவர்களே, சோப்பு வாங்கினால் ரசீதில் ஜி.எஸ்.டி. தனியே அச்சாகிறது. 2025 ஏப்ரல் கணக்குப்படி பத்து ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் நான்கு ரூபாய்க்கு மேல் வரி, ரசீதில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று ஒவ்வொரு பங்க்கிலும் ரசீதில் அச்சிட வேண்டும். டீசல் மீதான 9 ரூபாய் 62 காசை மாநிலமும், சிறப்புக் கூடுதல் வரியை மத்திய அரசும் குறைக்க வேண்டும். காரணம் உள்நாட்டு வரியே என்று தீர்ப்பளிக்கும்போது இந்தக் கோரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.