பழைய ஜீப்பில் ஹீட்டர் சுடவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் உறைபனி விழத் தொடங்கிவிட்டால், பழைய ஜீப், ஜிப்சி, லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே புகாரோடு வருவார்கள். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது என்பார்கள். சிலர் அதைச் சொல்லவே தயங்குவார்கள். குளிர்தானே, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். மலையில் ஹீட்டர் முதலில் கண்ணாடிக்காக. உங்கள் கால்களுக்கு அப்புறம்தான். விடியற்காலையில் கேரட் மூட்டையை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறீர்கள். உள்ளே மூன்று பேர் மூச்சு விட்டாலே முன்கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொள்கிறது. ஒரு கையால் ஸ்டீயரிங், இன்னொரு கையால் துணி. கொண்டை ஊசி வளைவில் இது உயிரோடு விளையாடுவது.

ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கென்று தனி அடுப்பு எதுவும் இல்லை. என்ஜினைச் சுற்றி வந்து சூடான தண்ணீரில் ஒரு பங்கு, இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதை ஹீட்டர் கோர் என்கிறோம். அதன் மேல் ஒரு ஃபேன் காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான். அதனால் ஹீட்டர் சுடவில்லை என்றால் டேஷ்போர்டைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். பல நேரங்களில் ஹீட்டரில் ஒன்றுமே இருக்காது. என்ஜினுக்குத்தான் சூடு பிடித்திருக்காது.

முதல் சோதனைக்கு ஸ்பானர்கூட வேண்டாம். வண்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து, பானெட்டைத் திறந்து, தகரச் சுவருக்குள் நுழையும் அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். சட்டென்று பிடிக்காதீர்கள், சுடும். ஃபேன் பெல்ட் பக்கம் சட்டைக் கையோ மஃப்ளரோ போகக்கூடாது. இரண்டுமே நன்றாகச் சுட்டால் தண்ணீர் சரியாக ஓடுகிறது, குறை காற்று வரும் பக்கத்தில். ஒன்று சுட்டு இன்னொன்று ஜில்லென்று இருந்தால், ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைத்திருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்து, டெம்பரேச்சர் மீட்டர் முள்ளும் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இந்தச் சின்னப் பித்தளைச் சாமானுக்கு நம் ஊரில் நடக்கும் அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை. என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயில் அது உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் சூடாகும் வரை கதவை மூடி வைத்திருக்கும். பெரும்பாலும் 82 டிகிரி, சில வண்டிகளில் 88 டிகிரி வந்ததும் திறக்கத் தொடங்கும். வண்டி கொதிக்கிறது என்று போய் நின்றால், பல இடங்களில் முதல் வைத்தியம் இதைக் கழற்றித் தூரப் போடுவதுதான். அப்படிக் கழற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். ஊட்டிக் குளிரில் அந்த என்ஜின் சூடு பிடிப்பதே இல்லை. ஹீட்டர் வேலை செய்யாது. பெட்ரோலோ டீசலோ கூடுதலாகக் குடிக்கும், என்ஜினும் சீக்கிரம் தேயும். இன்னொன்றும் இருக்கிறது. சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்ற ஒரு பைபாஸ் வழி உண்டு, தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் அது மூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். கொதிப்பதை நிறுத்தக் கழற்றினார்கள், அதனாலேயே கொதிக்கும்.

சரி, வண்டி ஏன் கொதித்தது? இங்கே ரேடியேட்டர் மூடியைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி நன்றாக இருந்து சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டிப் போகும். மூடியின் ரப்பர் காய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. மேட்டில் ஏறும்போது தண்ணீர் பொங்கி வெளியே போய்விடும். அளவு குறைந்ததும் முதலில் பட்டினி கிடப்பது ஹீட்டர்தான், பல வண்டிகளில் அது உயரத்தில் இருப்பதால். ஒரு மூடியின் விலையில் தீர வேண்டிய விஷயத்துக்குத் தெர்மோஸ்டாட் பலியாகிறது.

கழற்றிய தெர்மோஸ்டாட் நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் சூடாக ஆக, நடுவில் இருக்கும் தட்டு மெல்ல எழும்பும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். அடுப்பை அணைத்து ஆறவிட்டால் மறுபடி போய் உட்கார வேண்டும். பச்சைத் தண்ணீரிலேயே திறந்து கிடந்தாலோ, கொதித்தும் அசையாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். கடைக்கு வெறும் கையோடு போகாதீர்கள். பழையதைக் கொண்டுபோய், அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கூடவே புது பேக்கிங்கும்.

அடுத்தது கோர் அடைப்பு. மலைத் தண்ணீரைவிட, சமவெளிக்குப் போன இடத்தில் ஊற்றிய போர் தண்ணீர்தான் இதற்குப் பெரிய காரணம். உப்பு படிந்து படிந்து மெல்லிய குழாய்களை மூடிவிடும். ரேடியேட்டர் ஒழுகும்போது வழியில் மஞ்சள் தூளைக் கொட்டும் பழக்கமும் உண்டு. வீடு வந்து சேர அது உதவியிருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மஞ்சள் கடைசியில் போய்த் தங்குவது ஹீட்டர் கோரில். அதைக் கழுவ, என்ஜின் ஆறிய பிறகு இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கமாகத் தோட்டக் குழாயைச் செருகி மெதுவாகத் திறந்துவிடுங்கள். முதலில் காவி நிறத்தில் சேறு வரும். தெளிந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முறை. கம்ப்ரெஸர் காற்றை மட்டும் அடிக்காதீர்கள். பழைய பித்தளைக் கோரின் பற்றவைப்பு அதைத் தாங்காது. கோர் ஏற்கெனவே ஒழுகுகிறதென்றால், இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஹீட்டரை மறந்துவிடும் வழக்கமும் இருக்கிறது. பழைய வண்டி வாங்கியவர்கள் உங்கள் வண்டியில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். பித்தளைக் கோராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்துப் பற்றவைத்து மாட்டலாம்.

தண்ணீர் மாற்றிய பிறகு ஹீட்டர் சுடாமல் போனால் உள்ளே காற்று மாட்டியிருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். ஆறிய என்ஜினோடு வண்டியை மூக்கு மேலே பார்க்க ஒரு மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டர் வால்வையும் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழ் வந்து அடங்க அடங்கத் தண்ணீரும், ரேடியேட்டருக்கென்று விற்கும் கூலன்ட் திரவமும் சேர்த்து ஊற்றுங்கள். சூடான என்ஜினில் மூடியைத் தொடவே கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும்.

வால்வு திறக்கவில்லை என்றால், லீவரிலிருந்து அதற்கு வரும் கேபிள் நழுவியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே லீவர் நகரும், வால்வு நகராது.

ஹோஸ் இரண்டும் சுட்டும் காற்று வரவில்லை என்றால் ஃபியூஸ், எர்த் ஒயர், மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை என்று பாருங்கள். முழு வேகத்தில் மட்டும் ஃபேன் ஓடினால், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். காற்று வருகிறது, ஆனால் பலமில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, வெளிக்காற்று நுழையும் துவாரம். தைல மரத்தடியில் நிற்கும் வண்டியில் அது இலையால் நிறைந்திருக்கும், எலி கூடும் கட்டியிருக்கும். மற்றொன்று, மோட்டார் ஒயர் மாறியிருக்கலாம். உருளை வடிவக் கூடை மாதிரி இருக்கும் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் பலவீனமாக. அதனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. ஆரம்பகால லேண்ட் ரோவர்களில் வரும் வட்டமான ஸ்மித்ஸ் ஹீட்டர் உள்காற்றையே சுழற்றும். அது வைத்திருப்பவர்கள் பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், பனி படிவது குறையும்.

எல்லாம் சரியாக இருந்தும் குளிர்கிறதென்றால் தரையைப் பாருங்கள். கியர் லீவர், ஃபோர் வீல் லீவர், பெடல்கள் வரும் ஓட்டைகளில் ரப்பர் உறை கிழிந்திருக்கும். அவற்றை அடையுங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது என்ஜினுக்கு வேலையே இல்லை, சூடு இறங்கத்தான் செய்யும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓட்டைகளை அடைத்து, கண்ணாடியையும் ஏற்றிய பிறகு ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். உள்ளே இனிப்பான வாடை வந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் கோர் ஒழுகுகிறது என்று அர்த்தம். கூலன்ட் நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் அருகில் போகாமல் துடைத்து எடுங்கள். புகை வாடை வந்தால் அது இன்னும் மோசம். சைலன்சர் குழாய், என்ஜினிலிருந்து புகை வெளியேறும் மானிஃபோல்டின் பேக்கிங் இரண்டையும் அன்றைக்கே பாருங்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்குத் தனியாக வாடை கிடையாது. தலை கனத்துத் தூக்கம் வருவதற்குள் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, எல்லாரையும் இறக்கிவிடுங்கள். ஹீட்டர் இல்லையே என்று மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்குவது வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவதும் இதே வாயுதான்.

நன்றி, வணக்கம்.