தேங்காய் உடையவில்லை, விலா உடைந்தது

வணக்கம். "வயசுக்கும் கார் விபத்துக்கும் என்ன சம்பந்தம், சுருக்கமா சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டுத்தான் வானொலி நிலையத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எலும்பு டாக்டர். கார் எப்படி மோதியது என்பது போலீஸுக்குத்தான் தெரியும், மோதிய பிறகு உள்ளே இருந்தவருக்கு என்ன ஆச்சு என்பது எனக்குத் தெரியும்.

சில வருஷம் முன்னால் ஒரு ராத்திரி, கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பிய தாத்தாவும் பேரனும் வந்தார்கள். ஓட்டியவன் பேரன், 20 வயசு. பக்கத்து சீட்டில் தாத்தா, 72. கார் சென்டர் மீடியனில் ஏறி இடித்து நின்றிருக்கிறது. இரண்டு பேருமே பெல்ட் போட்டிருந்தார்கள். பேரனுக்குத் தோளிலிருந்து குறுக்கே பெல்ட் பதிந்த சிவப்புக் கோடு ஒன்று, அவ்வளவுதான், வராந்தாவில் நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். தாத்தாவுக்கும் அதே கோடுதான், ஆனால் கோட்டுக்குக் கீழே நாலு விலா எலும்பு முறிந்து, நெஞ்செலும்பில் விரிசல். மடியில் வைத்திருந்த தாம்பூலப் பையைக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள், அதிலிருந்த தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு இழுத்தால் வலி, வலிக்குப் பயந்து அவர் இருமவே மாட்டேன் என்றார், சளி கட்டியது, நிமோனியா வந்தது, வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது. "பெல்ட் போட்டதாலதானே இவ்வளவும்" என்று அவர் மகன் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பெல்ட் இல்லாவிட்டால் தலை கண்ணாடியில் போய் இடித்திருக்கும், அப்போது என்னிடம் சண்டை போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஒரே கார், ஒரே இடி. அதனால்தான் சொல்கிறேன், யார் அதிகம் மோதுகிறார்கள் என்பது ஒரு கேள்வி, மோதினால் யாருக்கு அடி பலம் என்பது வேறு கேள்வி, நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஓட்டிய தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அதன்படி 20 வயசைத் தாண்டியவர்களோடு ஒப்பிட்டால், 16 முதல் 19 வயசுப் பிள்ளைகள் உயிர்ச்சேதம் ஆகும் விபத்தில் மாட்டுவது ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுவயசில் அது இறங்கிவிடும், 70-க்கு மேல் மறுபடி ஏறும். இந்த இரண்டாவது ஏற்றத்தைப் பார்த்துவிட்டு "கிழவருக்கு எதுக்கு கார்" என்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் அதில் பெரும்பங்கு அவர்கள் மோசமாக ஓட்டுவதால் வருவது அல்ல, இளைஞன் எழுந்து போய்விடுகிற அதே இடியில் அவர்கள் இறந்துபோவதால் வருவது.

இளசுகள் கதை வேறு. வேகம், ராத்திரி, கூட நாலு நண்பர்கள். 40-ல் போகிறவன் 80-க்குப் போனால் இடி இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. நியூசிலாந்து 1987-லேயே புது டிரைவருக்கு உரிமத்தைப் படிப்படியாகத்தான் தருவது என்று ஆரம்பித்தது, பழகும் கட்டம் முடிந்த அடுத்த கட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. நம் ஊரில் எல் போர்டைக் கழற்றிய அன்றைக்கே ராத்திரி ஈசிஆரில் கூட்டமாகப் பாண்டிச்சேரிக்குக் கிளம்பலாம், சட்டம் ஒன்றும் சொல்லாது. 18 ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் மட்டும் சொல்லும்: 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை ஒரு குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயசுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு ஐடி இன்ஜினியர்கள் இறந்தார்களே, முதலில் அவனை 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா?

சரி, பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஜங்ஷன், அதிலும் ரைட்டில் திரும்பும்போது எதிரே வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பதில். ஜப்பானில் இதோடு ரொம்ப நாளாக மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே புது டிரைவர் காரில் இளந்தளிர் ஸ்டிக்கர் ஒட்டுவார், வயசானவருக்கும் 1997-ல் ஒரு இலை ஸ்டிக்கர் கொடுத்தார்கள், ஆரஞ்சும் மஞ்சளுமாக. "எங்களைச் சருகு என்கிறீர்களா" என்று தாத்தாக்களுக்குக் கோபம், கடைசியில் 2011-ல் டிசைனையே மாற்ற வேண்டியதாயிற்று. 75-க்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்க ஞாபகசக்திச் சோதனை உண்டு. தானாக லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தால் பல ஊர்களில் பஸ், டாக்ஸி கட்டணத்தில் சலுகை. 2019 ஏப்ரலில் டோக்கியோ இகெபுகுரோவில் 87 வயசுக்காரர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஒரு தாயும் மூன்று வயசு மகளும் இறந்த பிறகு, திருப்பிக் கொடுப்பவர்கள் எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது.

வீட்டில் பெரியவர் ஓட்டினால், நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே பத்து அங்குல இடைவெளியாவது இருக்கிறதா பாருங்கள், ஏர்பேக் விரிய இடம் வேண்டும். இடுப்புப் பெல்ட் வயிற்றில் ஏறக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். அப்புறம் பாட்டி பின் சீட்டில்தானே என்று விடாதீர்கள், அங்கேயும் பெல்ட் கட்டாயம்.

இவ்வளவு பேசுகிற எனக்கு, சொந்த அப்பாவிடம் சாவியைக் கேட்க ஒரு வருஷம் ஆனது. முதலில் ராத்திரி வேண்டாம்ப்பா என்றேன், அப்புறம் ஹைவே வேண்டாம் என்றேன், ஒருநாள் அவராகவே சாவியை டிவி மேல் வைத்துவிட்டார். இப்போதும் தினம் காலையில் பேப்பர் படித்து முடித்ததும் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, பெல்ட் போட்டு, நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுகிறார். கேட்டால், பேட்டரி இறங்கிடும்டா என்கிறார்.