பாஸ்வேர்டு திருடன் கையில... ஆனா உள்ள போக முடியல! பாஸ்கீ எப்படி வேலை செய்யுது?

[திரை: கருப்பு. நடுவுல ஒரு எஸ்.எம்.எஸ். வந்து விழுற சத்தம்.]

2022, ஜூலை 20. க்ளவுட்ஃப்ளேர்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி. உலகத்துல ஏகப்பட்ட வெப்சைட்டுகளுக்குக் காவல் நிக்கிறதுதான் இவங்க தொழில். அங்க வேலை செய்யறவங்க போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வருது. உங்க வேலை அட்டவணை மாறியிருக்கு, இந்த லிங்க்கைத் தட்டிப் பாருங்கன்னு. ஒரே நிமிஷத்துல குறைஞ்சது 76 பேருக்குப் போயிருக்கு. சிலரோட வீட்டு ஆளுங்களுக்கும் போயிருக்கு.

மூணு பேர் தட்டிட்டாங்க. யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டையும் டைப் பண்ணிக் கொடுத்துட்டாங்க.

ஆனாலும் திருடனால உள்ள நுழைய முடியல. அவனைத் தடுத்தது எதுவோ, அதே விஷயம் இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற போன்லயும் இருக்கு. காசு கிடையாது. ரெண்டு நிமிஷத்துல ஆன் பண்ணிடலாம். பேரு பாஸ்கீ.

வணக்கம் மக்களே! வீடியோவை வீட்ல அம்மா அப்பாவோட உட்கார்ந்து பாருங்க. அவங்களை நினைச்சுத்தான் இதை எடுத்தேன்.

[திரை: பழைய கம்ப்யூட்டர் அறை]

பாஸ்வேர்டு கதையை வேகமா முடிச்சிடுறேன். 1961-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கிற பல்கலைக்கழகத்துல ஃபெர்னாண்டோ கோர்பட்டோவோட குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கிறதுக்காகப் பாஸ்வேர்டு வச்சாங்க. அடுத்த வருஷமே ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கூடுதலா கம்ப்யூட்டர் நேரம் வேணும்னு பாஸ்வேர்டு ஃபைலை மொத்தமா பிரிண்ட் எடுத்துட்டார்! 2009-ல ராக்யூங்கிற கம்பெனில இருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டு வெளிய கசிஞ்சது. அதுல அதிகம் பேர் வச்சிருந்தது 123456. அவ்வளவுதான் வரலாறு, வாங்க போலாம்.

[திரை: ஒரே மாதிரி ரெண்டு லாகின் பக்கம், பக்கத்துல பக்கத்துல]

இப்போ அந்தத் திருட்டுப் பக்கத்தைக் கிட்டத்துல பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

க்ளவுட்ஃப்ளேர் ஆளுங்க லாகின் பண்றது ஓக்டாங்கிற சர்வீஸ் வழியா. திருடன் என்ன பண்ணான்? கம்பெனி பேரு, நடுவுல ஒரு சின்னக் கோடு, அப்புறம் ஓக்டா, கடைசில டாட் காம். இப்படி ஒரு முகவரியைப் பதிவு பண்ணான். எஸ்.எம்.எஸ். கிளம்பறதுக்கு 40 நிமிஷம்கூட இல்லாதப்போ பதிவு பண்ணியிருக்கான்! கண்காணிப்புப் பட்டியல்ல அந்தப் பேரு ஏறறதுக்குள்ள வேலையை முடிக்கிறதுதான் திட்டம்.

பக்கம் அசல் மாதிரியே இருக்கு. நீங்க பாஸ்வேர்டு டைப் பண்ண அடுத்த நொடி அது டெலிகிராம் வழியா திருடனுக்குப் போயிடும். அடுத்த பக்கத்துல ஓடிபி கேக்கும். நீங்க இந்தப் பக்கம் ஓடிபி அடிக்க, அவன் அந்தப் பக்கம் அசல் சைட்ல அதையே அடிப்பான். ஓடிபிக்கு ஆயுசு சில நிமிஷம்தான், ஆனா அவனுக்கு அதுவே தாராளம். ஓடிபி இருக்கே, பயம் எதுக்குன்னு நினைச்சுட்டு இருந்தா, தயவுசெஞ்சு இந்த இடத்தை ரீவைண்ட் பண்ணி இன்னொரு தடவை பாருங்க.

ஏறக்குறைய அதே சமயத்துல ட்விலியோங்கிற கம்பெனியையும் இதே பாணில தாக்கினாங்க. அங்க உள்ளயே போயிட்டாங்க. வாடிக்கையாளர் விவரங்களையும் தொட்டுட்டாங்க.

க்ளவுட்ஃப்ளேர்ல மட்டும் ஏன் முடியல? அங்க எல்லார்கிட்டயும் யூஎஸ்பி மாதிரி ஒரு குட்டிப் பாதுகாப்புச் சாவி இருந்துச்சு. அந்தச் சாவி முகவரியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். நம்ம கண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆனா சாவி லோகோவையும் கலரையும் பார்க்கிறதே இல்லை. பிரவுசர் சொல்ற முகவரியை மட்டும்தான் பார்க்கும். ஒரே ஒரு கோடு மாறியிருந்தாலே அது வேற சைட். வேற சைட்டுக்கு அந்தச் சாவி பதிலே சொல்லாது. கதை முடிஞ்சது!

அதே தொழில்நுட்பத்தைப் போனுக்குள்ளயே வச்சதுதான் பாஸ்கீ. 2022 மே மாசம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் சேர்ந்து இதை ஆதரிக்கிறதா அறிவிச்சாங்க. எதுக்கெடுத்தாலும் மல்லுக்கட்டுற மூணு பேரு ஒரே மேடைல நின்னாங்கன்னா விஷயம் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. 2023 மே மாசத்துல இருந்து கூகுள் கணக்குக்கே பாஸ்கீ வச்சுக்கலாம்.

[திரை: போன், ஒரு பூட்டு, ஒரு சாவி]

உள்ள நடக்கிறது இதுதான். ஒவ்வொரு சைட்டுக்கும் உங்க போன் பூட்டு, சாவின்னு ஒரு ஜோடி உருவாக்கும். பூட்டை அவங்க வாசல்ல மாட்டிட்டு, சாவியை இடுப்புல செருகிட்டு வர்ற மாதிரி. ஒவ்வொரு லாகினுக்கும் சைட் புதுசா ஒரு எண்ணை அனுப்பும். போன் அதுல ரகசியச் சாவியால கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். சாவி சைட்டுக்குப் போகவே போகாது. நாளைக்கே அந்தக் கம்பெனி சர்வரைக் கொள்ளையடிச்சாலும் உங்க ரகசியம் அங்க இருந்தாத்தானே திருட? உங்க கைரேகையும் சைட்டுக்குப் போகாது. அது போனைத் திறக்க மட்டும்தான்.

இத்தனை வருஷமா நம்ம ஜனங்களுக்கு என்ன சொல்லிட்டு இருந்தோம்? லிங்க்கை நல்லா பாருங்க, ஒவ்வொரு எழுத்தா பாருங்கன்னு. வேலை முடிஞ்சு கூட்டமான பஸ்ல நின்னுட்டு வர்ற ஒருத்தர், இங்கிலீஷே சரளமா வராத ஒரு அம்மா, ஆறு இஞ்ச் திரைல எந்த எழுத்தைத் தேடிப் பார்ப்பாங்க? ஏமாந்தா அவங்க மேலயே பழி வேற! இது அநியாயம்ங்க. எழுத்து எழுத்தா சரிபார்க்கிறது மெஷினோட வேலை. அந்த வேலையை மெஷின்கிட்ட கொடுத்ததுதான் பாஸ்கீல எனக்குப் பிடிச்ச விஷயமே.

[திரை: செட்டிங்ஸ் பக்கம்]

ஆன் பண்றது சுலபம். ஆண்ட்ராய்டு 9, ஐஃபோன்னா ஐஓஎஸ் 16, இல்ல அதுக்கு மேல இருக்கணும். கூகுள் கணக்குல பாதுகாப்புப் பகுதிக்குப் போனா பாஸ்கீன்னு இருக்கும். வாட்ஸ்அப்ல செட்டிங்ஸ், அக்கவுன்ட், பாஸ்கீஸ். விரல் வைங்க, முடிஞ்சது.

போன் தொலைஞ்சா? ஆண்ட்ராய்டுன்னா கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்லயோ, ஐஃபோன்னா ஐகிளவுட் கீசெயின்லயோ உங்க பாஸ்கீ பூட்டின நிலையில சேமிப்புல இருக்கும். புதுப் போன்ல லாகின் பண்ணா திரும்ப வந்துடும்.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல எப்படி லாகின் பண்றது? இதுல ஒரு அருமையான சங்கதி இருக்கு. திரைல ஒரு க்யூஆர் வரும், போன்ல ஸ்கேன் பண்ணுவீங்க. உடனே புளூடூத் ஆன் பண்ணச் சொல்லும். எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? போனும் கம்ப்யூட்டரும் நிஜமாவே பக்கத்துல இருக்கான்னு பார்க்கத்தான்! எங்கயோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் அவன் கம்ப்யூட்டர்ல வந்த க்யூஆரைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல உங்களுக்கு அனுப்பினா, நீங்க ஸ்கேன் பண்ணாலும் அவனுக்கு லாகின் ஆகாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசிச்சு வச்சவங்களுக்கு ஒரு சபாஷ்! ஆனா அந்தக் கம்ப்யூட்டர்லயே பாஸ்கீ உருவாக்கவான்னு கேட்டா மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. பொதுக் கம்ப்யூட்டர்ல பாஸ்கீ வைக்கவே கூடாது.

[திரை: குடும்பத்தோட ஒரே போன்]

இப்போ சிக்கலான இடத்துக்கு வர்றேன். போன் லாக்கைத் திறக்கத் தெரிஞ்ச யாரும் உங்க பாஸ்கீயையும் பயன்படுத்தலாம். வீட்ல பசங்களுக்கு கேம் ஆடறதுக்காக பின் நம்பர் சொல்லிக் கொடுத்திருப்போம். கைரேகைல மூணு பேரோட விரல் பதிஞ்சிருக்கும். முதல்ல அதைச் சரி பண்ணுங்க. போன் பின் நாலே இலக்கமா, அதுவும் பிறந்த வருஷமா இருந்தா இன்னைக்கே மாத்துங்க.

இன்னொண்ணு. பாஸ்கீ வச்சாலும் நிறைய சைட்ல பழைய பாஸ்வேர்டும் உயிரோடதான் இருக்கும். திருடன் அந்தக் கொல்லைப்புறக் கதவுக்குத்தான் வருவான். அதனால, எப்பவும் விரல் கேக்குற சைட் ஒருநாள் திடீர்னு பாஸ்வேர்டு கேட்டா டைப் பண்ணாதீங்க. பக்கத்தை மூடிட்டு, ஆப்ல நேரா போய்ப் பாருங்க. யூபிஐ பின் கேட்டு ஏமாத்துறது, போலீஸ்னு வீடியோ கால்ல மிரட்டுறது, இதையெல்லாம் பாஸ்கீ தடுக்காது. அது வேற வீடியோ, கண்டிப்பா போடுறேன்.

உங்க வீட்ல யாருக்காவது இப்பவே ஆன் பண்ணிக் கொடுத்துட்டு, எந்தப் படில மாட்டினீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. போன் மாடலையும் சேர்த்து எழுதினா என்னால பதில் சொல்ல முடியும்.