பேய்க்குச் சம்பளம் இல்லை, ரத்தத்துக்குத்தான் செலவு

வணக்கம் மக்களே. பூசணிக்காய் உடைத்தாயிற்று! நேற்று ராத்திரி நம்ம பேய்ப்படத்தின் கடைசி ஷாட் முடிந்ததும் கற்பூரம் ஏற்றி, சுற்றி, வாசலில் போட்டு உடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஓரமாக அள்ளியும் போட்டுவிட்டேன், அதனால் வண்டி சறுக்கும், அது இது என்று கமெண்டில் எழுத வேண்டாம். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். சளி எல்லாம் இல்லை. அலறல் டேக் ஒவ்வொன்றுக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்று நானும் கத்தினேன், கதாநாயகியாக நடித்த பெண்ணுக்குக் கூச்சம் போகட்டும் என்று.

இன்றைக்கு ஒரு கடுப்போடுதான் உட்கார்ந்திருக்கிறேன். பேய்ப்படம் எடுக்கப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா, அதற்கு வந்த கமெண்டில் முக்கால்வாசி 'என்ன கேமரா?' 'என்ன லென்ஸ்?' இவ்வளவுதான். வாடகைக் கேமராதான், பழைய மாடல், போதும். 'எந்த வீடு?' என்று யாராவது ஒருத்தர் கேட்டீர்களா? 'சவுண்டு யார் பண்ணுகிறார்கள்?' என்று? பேய்ப்படத்தில் பேயைவிட வீடு முக்கியம், வீட்டைவிடச் சத்தம் முக்கியம், கேமரா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஓரன் பெலி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' எடுத்தவர். 2006-இல் சான் டியாகோவில் அவர் குடியிருந்த வீட்டிலேயே, ஒரு வாரத்தில், ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்து முடித்தார். பிற்பாடு ஸ்டூடியோ வாங்கி, முடிவை மாற்றி, விளம்பரத்துக்குக் கொட்டியது தனிக் கணக்கு. வசூல் 19 கோடி டாலரைத் தாண்டியது என்று எல்லோரும் அதையே பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரிவது வசூலைப் பார்த்து இல்லை, சொந்த வீடு இருந்ததே மனுஷனுக்கு, அதைப் பார்த்துத்தான். என் வீடு உங்களுக்குத் தெரியும், மூன்றாவது மாடி, லிஃப்ட் கதவு ஒவ்வொரு தடவையும் 'கதவை மூடவும்' என்று பேசும். அங்கே எந்தப் பேய் வரும்?

வாடகைக்கு ஒரு பழைய வீடு பேசினோம். தேதி எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகு வீட்டுக்காரர் கதை கேட்டார். சொன்னேன். பேய் என்றதும் முகமே மாறிவிட்டது. 'பேய் இருக்கிற வீடுன்னு பேர் வந்துட்டா அப்புறம் எவன் குடி வருவான்?' என்றார். மனுஷன் சொல்வதும் நியாயம்தானே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அடுத்த வரி, 'அதனால மூணு மடங்கு குடுத்துடுங்க.' மூன்று மடங்கு கொடுத்தால் பேர் கெடாதா? எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கிளம்பிவிட்டேன், முன்பணம் கொடுத்த ஆயிரம் ரூபாயை வாங்க மறுநாள் திரும்பப் போனது வேறு விஷயம்.

கடைசியில் நம்ம கேமரா தம்பியின் பெரியம்மா காப்பாற்றினார். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். திண்ணை, ரேழி, முற்றம், சிவப்பு சிமெண்ட் தரை, கொல்லையில் கிணறு, கூடத்தில் ஊஞ்சல். பார்த்ததும் ஸ்கிரிப்டில் பாதியை அங்கேயே அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நிபந்தனை மட்டும் இரண்டு. சாமி அறைப் பக்கம் கேமரா திரும்பக் கூடாது, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு யாரும் அலறக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க வசனக் காட்சி. ஷெட்யூல் போடுவது என்றால் இதுதான் மக்களே, எக்செல் ஷீட்டில் பெரியம்மாவுக்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும்.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் படத்திலேயே நான் பெருமைப்படுகிற விஷயம் இதுதான்.

ஆன்லைனில் மேக்கப் ரத்தம் நூறு மில்லி ஐநூற்றுச் சொச்சம். நமக்கு வேண்டியது லிட்டர் கணக்கில். பெரியம்மா உடனே ஆரத்தி கரைத்துக் கொண்டுவந்து விட்டார், மஞ்சளும் சுண்ணாம்பும். நேரில் பார்க்க அசல் ரத்தம், கேமராவில் ஆரஞ்சு, அதோடு தண்ணீராக ஓடுகிறது. சுண்ணாம்பை ஒருத்தர் முகத்தில் பூசி மணிக்கணக்கில் படுக்க வைக்கவும் முடியாது, எரிந்துவிடும். ஜார்ஜ் ரொமேரோ, 1968-இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பேய்ப்படத்தை எடுத்தபோது கடையில் விற்கிற சாக்லேட் சிரப்பை ஊற்றியே சமாளித்தார், அவருடையது கறுப்பு வெள்ளை, கறுப்பாக வழிந்தால் போதும். நமக்குக் கலர், ஏமாற்ற முடியாது.

அதனால் கேக் சாமான் விற்கிற கடையில் லிக்விட் குளுக்கோஸ், அதாவது கெட்டிச் சர்க்கரைப் பாகு, ஒரு கிலோ வாங்கினேன், 170 ரூபாய். சிவப்பு ஃபுட் கலர் 30 ரூபாய். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, கலரைப் போட்டு, அதில் கோகோ பவுடர் அரை ஸ்பூன், இதுதான் ரகசியம். வெறும் சிவப்பு என்றால் ஜாம் மாதிரி இருக்கும், கோகோ போட்டால் கறுத்துக் கனமாக வரும். நீலக் கலர் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, இரண்டாவது விழுந்தால் கத்தரிக்காய் நிறம். இருநூறு ரூபாய்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம்! என் வாழ்க்கையில் இவ்வளவு லாபமாக எதையும் வாங்கியதில்லை. சட்டையில் தெறிக்கிற ரத்தத்தில் மட்டும் கொஞ்சம் ஷாம்பூ கலந்துவிடுங்கள், துவைத்தால் சீக்கிரம் போகும். அதை வாயில் வைக்கக் கூடாது, வாயில் வழிகிற ரத்தத்தைத் தனிப் பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள்.

இப்போது எறும்பு. சர்க்கரைப் பாகைப் பூசி ஒருத்தரைக் கிராமத்து வீட்டுத் தரையில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? பிணமாக நடித்த தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு அழகாகப் படுத்திருக்கிறான், திடீரென்று பிணத்தின் காது துடிக்கிறது. மானிட்டரில் பார்த்தால் காதோரம் வரிசை கட்டி வருகின்றன. பெரியம்மா யோசனை சொன்னார், பலகார அலமாரியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது போல இவனையும் ஒரு கட்டிலில் போட்டுக் காலுக்குக் கிண்ணம் வையுங்கள் என்று. வைத்தோம்! வைடு ஷாட், அதாவது தூரத்திலிருந்து மொத்த இடமும் தெரிகிற ஷாட், அது தவிர எல்லாமே கட்டில்மேல்தான், தரை மாதிரித் தெரிய கீழே சிவப்புத் துணி. வைடு ஷாட்டுக்குச் சோளமாவுக் கஞ்சி காய்ச்சி, அதில் கலர் கலந்து பூசினோம், இனிப்பு இல்லாததால் எறும்பு அவ்வளவாகச் சீண்டவில்லை. பளபளப்பு கம்மி, தூரத்திலிருந்து தெரியாது. அந்தக் கிண்ணம் வைத்த கட்டிலைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், கம்யூனிட்டி போஸ்ட்டில் போடுகிறேன்.

அட, பேய் எப்படி இருக்கும் என்று சொல்லவே இல்லையே. நம்ம படத்தில் பேய் கிடையாது. அதாவது இருக்கிறது, ஆனால் ஆள் கிடையாது, சம்பளமும் கிடையாது. வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ, கொலுசுச் சத்தம், இந்த மூன்றும் எனக்கு ஆகவே ஆகாது என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி பதித்த அலமாரிக் கதவை மூடினால் கண்ணாடியில் பின்னால் ஒரு முகம், கூடவே காதைக் கிழிக்கிற மியூசிக், அது பயம் இல்லை, அதிர்ச்சி. நான் வைத்திருப்பது வெறும் ஈரக் கால்தடம். கிணற்றடியிலிருந்து கொல்லைக் கதவு வழியாக வந்து கூடத்தில் நின்றுவிடுகிறது, திரும்பிப் போன தடம் இல்லை. அவ்வளவுதான் பேய்.

அதுவும் சும்மா வரவில்லை. தண்ணீரில் கால் நனைத்து வைத்தால் ஃபோகஸ் சரிபார்ப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கிளிசரின் வாங்கித் தண்ணீரோடு கலந்து வைத்தோம், முழு டேக்கும் ஈரமாகவே நின்றது. சினிமாவில் வியர்வைக்கும் இதைத்தான் அடிப்பார்கள். எடுத்து முடித்ததும் துடைத்துவிடுங்கள், வழுக்கும்.

லைட்டுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், கேமரா ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் வையுங்கள், மலிவான எல்இடி பல்பு இருந்தால் டெஸ்ட் எடுக்காமல் நம்பாதீர்கள், திரையில் பட்டை பட்டையாக ஓடும். இரண்டு லைட், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மோகோல், ஒரு அரிக்கேன். இருட்டுக்கு வாடகை கிடையாது, அதைத் தாராளமாக வையுங்கள்.

ஓடுகிற ஷாட் ஒன்று இருக்கிறது, தென்னந்தோப்பில் எதுவோ துரத்திக்கொண்டு வருகிற மாதிரி. 'ஈவில் டெட்' படத்துக்கு டைரக்டர் சாம் ரைமியிடம் ஸ்டெடிகேமுக்கு, அதாவது ஓடினாலும் கேமரா குலுங்காமல் பிடிக்கிற கருவிக்கு, காசு இல்லை, ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவை இறுக்கி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். நாங்கள் கொத்தனாரிடம் சாரப் பலகை கேட்டு வாங்கினோம். வைடு லென்ஸ் போட்டு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பிடித்து ஓடினால் உண்மையிலேயே முதுகு சில்லிடுகிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் ஒரு தம்பி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான், பலகையை மட்டும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டே. அவனுக்கு அன்றைக்கு பேட்டா இரண்டு மடங்கு.

ஒரு நிமிஷம், தேதியைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிவிட்டேன், கடுப்பில் பாதி அதுதான். நாங்கள் குறித்தது வைகாசி. கதாநாயகிக்கு செமஸ்டர் தேர்வு தள்ளிப்போய், எல்லாம் நகர்ந்து நகர்ந்து ஆடியில் வந்து நின்றது. ஆடி மாதம் கிராமத்தில் பேய்ப்படம்! மூன்று பக்கமும் அம்மன் கோயில், மூன்றிலும் குழாய் ஸ்பீக்கர். எல்.ஆர். ஈஸ்வரி அம்மா குரல் என்றால் எனக்கு உயிர், ஆனால் பின்னால் அம்மனை அழைத்துப் பாடிக்கொண்டே இருந்தால் எந்தப் பேய் துணிந்து வீட்டுக்குள் வரும்? இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது, திருவிழாவுக்கு மட்டும் வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணிவரை அரசு தளர்த்தலாம். அதனால் ஊரில் என்றைக்குக் கஞ்சி, என்றைக்குத் தீமிதி என்று பூசாரியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, வசனம் உள்ள டேக் எல்லாவற்றையும் 12 மணிக்கு மேல் தள்ளினோம். அலறல் வருகிற நாளில் தெருவில் வீடு வீடாகப் போய் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்போடு வந்துவிடுவார்கள்.

ராத்திரி 12-க்கு மேல் அந்த வீட்டில் வருகிற சத்தத்தை எந்தச் சவுண்டு லைப்ரரியிலும் வாங்க முடியாது. தவளை, சுவர்க்கோழி, எங்கேயோ ஒரு நாய். ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் நின்று அந்த அறையின் வெறும் அமைதியை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டில் வசனத்துக்கு நடுவே ஒட்ட அதுதான் பசை. நல்ல டேக் ஒன்றில் பல்லி கத்தியது, உடனே உள்ளேயிருந்து பெரியம்மா தரையில் விரலால் தட்டி 'கிருஷ்ணா, கிருஷ்ணா' என்கிறார், மெல்லமாக, மைக்கில் அப்படியே விழுந்திருக்கிறது. எல்லோரும் 'போச்சு' என்றார்கள். நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். ஆளே இல்லாத வீட்டில் யாரோ தட்டி சாமி பேர் சொல்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும்?

எலும்பு முறிகிற சத்தத்துக்கு வெளிநாட்டில் செலரி என்கிற கீரையின் தண்டை உடைப்பார்கள். நான் முருங்கைக்காய். முற்றினது வாங்குங்கள், ஈரத் துணியில் சுற்றி மைக் பக்கத்தில் வைத்து மடக்கென்று ஒடியுங்கள், கை தானாகத் தோளைத் தடவும். மீதிக் காய் மறுநாள் சாம்பாருக்குப் போயிற்று.

ஆனால் ஒன்று மட்டும் போய்விட்டது, நினைத்தால் இப்போதும் ஆறவில்லை. லொகேஷன் பார்க்கப் போனபோது அந்தக் கூடத்து ஊஞ்சல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கிரீச் போட்டது பாருங்கள், கீழே இறங்கும்போது ஒரு சத்தம், மேலே போகும்போது வேறு சத்தம். நான் கிளைமாக்ஸையே அதன்மேல்தான் எழுதினேன். காலடித் தடம் வந்து நிற்கிறது, ஊஞ்சல் கிரீச்சிடத் தொடங்குகிறது, கட். ஷூட்டிங் அன்று போய்ப் பார்த்தால் சத்தமே இல்லை. பெரியப்பா முந்தின நாள் ஏணி போட்டு ஏறி, சங்கிலிக் கொக்கி நாலுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். 'சினிமாக்காரங்க வராங்க, கிரீச்சு கிரீச்சுன்னா நல்லாவா இருக்கும்?' என்கிறார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தோம், மணல் தூவிப் பார்த்தோம், அந்தப் பழைய சத்தம் வரவே இல்லை.

அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். வீட்டில் இரும்புச் சங்கிலி போட்ட மர ஊஞ்சல் இருந்து, அது சத்தமும் போட்டால், ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு ஃபோனைக் கொக்கிக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். ஆள் உட்கார்ந்து ஒரு பதிவு, வெறும் ஊஞ்சல் ஒரு பதிவு. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் நசுங்கிவிடும், ஃபைலாக மெயிலில் அனுப்புங்கள், முகவரி சேனல் பக்கத்தில் இருக்கிறது. டைட்டிலில் பேர் போடுகிறேன். தயவுசெய்து அதுவரைக்கும் யாரும் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.