பிரபலம் வந்துவிட்டார், சிரிப்பு எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். நகைச்சுவைக் குறுநாடகம் எழுதுகிறவர்களுக்கு அலுக்கவே அலுக்காத ஒரு சங்கதி உண்டு. சாதாரண மனிதர் ஒருவர் முன்னால் திடீரென்று ஒரு பிரபலம் வந்து நிற்பது. யோசிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். கதவைத் தட்டும் சத்தம், திறந்தால் புகழ்பெற்ற நடிகர், திறந்தவர் மயங்கி விழுகிறார், அரங்கம் அதிரக் கைதட்டல். அப்புறம்? அப்புறம் எழுத ஒன்றும் இருக்காது. கைதட்டல் வேறு, சிரிப்பு வேறு. அந்தக் கைதட்டல் வந்தவரின் புகழுக்குக் கிடைத்தது, எழுதியவருக்கு அதில் காலணாப் பங்கு கிடையாது.

இந்த வகை நாடகத்தில் வேடிக்கை எல்லாம் பிரபலத்தைப் பார்த்துவிட்டுத் தவிக்கிறவரிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பிரபலம் எவ்வளவுக்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு எதிரில் இருப்பவர் தடுமாற இடம் கிடைக்கும்.

1955 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஐ லவ் லூசி' நகைச்சுவைத் தொடரின் ஒரு பகுதியைச் சொல்கிறேன். கதாநாயகி லூசி ஹாலிவுட்டில் ஓர் உணவகத்துக்குப் போகிறாள். முதுகுப்பக்க இருக்கையில் நிஜமான நடிகர் வில்லியம் ஹோல்டன். எட்டி எட்டி அவரையே பார்க்கிறாள். பார்த்தார் ஹோல்டன். பதிலுக்குத் திரும்பி உட்கார்ந்து, லூசி சாப்பிடுவதை அவர் முறைக்க ஆரம்பித்துவிட்டார்! ஒரு நட்சத்திரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீளநீளமான ஸ்பகெட்டியை எப்படிக் கௌரவமாக வாயில் போடுவது? கடைசியில் தப்பித்துப் போகிற அவசரத்தில், பரிமாறுபவர் கையிலிருந்த பலகாரம் ஹோல்டன் மேலேயே கொட்டுகிறது.

அன்றைக்கே அவர் லூசியின் கணவரோடு அவர்கள் தங்கியிருக்கும் அறைக்கு வந்து நிற்கிறார். அடையாளம் தெரியக்கூடாதே என்று லூசி களிமண் போன்ற ஒன்றால் பெரிய மூக்கு செய்து ஒட்டிக்கொள்கிறாள். ஹோல்டன் மரியாதையாக அவள் சிகரெட்டைப் பற்றவைக்கிறார். மூக்கில் தீப்பிடிக்கிறது. மூக்கைக் காப்பிக் கோப்பையில் முக்கி அணைக்கிறாள். ஹோல்டன் என்ன செய்தார் என்று பாருங்கள். பார்த்தார், நெருப்பு கொடுத்தார், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. வந்தவரின் புகழையே யாரும் சட்டை செய்யாமல் விடுவது. 1971 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் மோர்கம், வைஸ் என்ற நகைச்சுவை ஜோடி நடத்திய நிகழ்ச்சிக்கு ஆந்த்ரே ப்ரெவின் வந்தார். லண்டன் சிம்பனி இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த மனிதர். அவர் பெயரையே மோர்கம் தப்பும் தவறுமாகச் சொல்கிறார். பியானோவில் உட்கார்ந்து கண்டபடி தட்டுகிறார். ஒரு சுரம்கூடச் சரியில்லை என்று ப்ரெவின் சொல்லப்போக, எழுந்து அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு, சுரமெல்லாம் சரியான சுரம்தான், வரிசைதான் கொஞ்சம் முன்னே பின்னே என்கிறார். ப்ரெவின் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த முகம் இல்லாவிட்டால் அந்த வசனம் பாதிகூட எடுபட்டிருக்காது.

சரி, வானொலிக்கு எப்படி எழுதுவது? இங்கே முகம் கிடையாது, மூக்கும் கிடையாது. வந்திருப்பவர் யார் என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரிவதற்கு முன்பே நேயருக்குத் தெரிந்துவிட வேண்டும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் ஒரு நடிகரின் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுகிறார்கள், லிஃப்ட் கதவு மூடுகிறது, கூச்சல் அடங்குகிறது. உள்ளே இரண்டே பேர்.

"உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"பார்த்திருப்பீங்க."

"இன்சூரன்ஸ்ல இருக்கீங்களா?"

"இல்லை. நல்லா யோசிங்க."

"ஆங், வந்துடுச்சு! போன மாசம் பைப் ரிப்பேர் பண்ண வந்தீங்க. இன்னும் ஒழுகுது சார்."

இங்கே நடிகர் "நான் நடிகர்" என்று சொன்னால் நாடகம் அங்கேயே படுத்துவிடும். "எந்தப் பக்கம் ஒழுகுது?" என்று கேட்டாரானால் இன்னும் ஐந்து மாடிக்குத் தாங்கும்.

வானொலியில் இந்த வித்தையை ஜாக் பென்னி போலக் கையாண்டவர்கள் குறைவு. அமெரிக்கக்காரர். தன் நிகழ்ச்சியில் தன்னையே வடிகட்டின கஞ்சனாகக் காட்டிக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரராக ரொனால்ட் கோல்மன் என்ற நிஜ நட்சத்திரம், தன் சொந்தப் பெயரிலேயே வருவார். 1948 மார்ச்சில் கோல்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதக் கடைசியில் ஒலிபரப்பான பகுதியில், பென்னி அந்த ஆஸ்கர் சிலையை இரவல் வாங்கிக்கொண்டு இருட்டில் வீட்டுக்கு நடக்கிறார். திருடன் மறிக்கிறான். பணமா உயிரா என்கிறான். பதில் இல்லை. வெறும் மௌனம். வானொலியில் மௌனம் என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம், ஆனால் பென்னியின் கஞ்சத்தனம் ஊரறிந்தது, அதனால் அரங்கம் சிரிக்கத் தொடங்குகிறது. திருடன் பொறுமை இழந்து திரும்ப அதட்டுகிறான். "யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று சீறுகிறார் பென்னி.

சிலை போய்விட்டது. இத்தனைக்கும் அந்த இருட்டு வீதிக் காட்சியில் கோல்மன் கிடையாது. அடுத்த வீட்டில் இருந்தார்.

நன்றி, வணக்கம்.