எத்தனை மணி நேரம் புளித்தது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சவர்டோ எனப்படும் புளித்த மாவு ரொட்டி உடலுக்கு நல்லதா என்று கேட்பவர்களிடம், அந்த மாவு எத்தனை மணி நேரம் புளித்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கோதுமை மாவில் தண்ணீர் கலந்து வைத்து, நாள்தோறும் அதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் புதுமாவும் தண்ணீரும் சேர்த்துவந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் நுரைத்துப் பொங்கும் தாய்மாவு கிடைக்கிறது. மாவிலேயே இயல்பாக இருந்த ஈஸ்ட் அதை உப்பச் செய்ய, கூடவே வளரும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்கிப் புளிப்பேற்றுகின்றன.

பல ஆண்டுகளுக்கு முன், விருந்தினர் வரவிருந்த ஒரு நாளில், என் தாய்மாவு மந்தமாக இருந்தது. நான் பொறுமையிழந்து, பிசைந்த மாவில் பாதியைப் பிரித்து, அதில் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைத் தாராளமாகச் சேர்த்து, இரண்டே மணி நேரத்தில் ரொட்டி சுட்டுவிட்டேன். ரொட்டி பஞ்சுபோல் உப்பியிருந்தது, வந்தவர்களும் பாராட்டினார்கள். ஆனால் அதில் புளிப்பு என்பது பெயருக்கும் இல்லை. எஞ்சிய பாதியை மறுநாள் காலையில் சுட்டபோது வீடு முழுவதும் பரவிய அந்தப் புளித்த மணத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த ஓர் இரவில் மாவுக்குள் என்ன நடந்தது என்று தேடத் தொடங்கியவன்தான், இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நடப்பது இதுதான். தவிட்டில் மிகுந்துள்ள ஃபைட்டிக் அமிலம், இரும்பு, துத்தநாகம், மக்னீசியம் ஆகிய சத்துகளைப் பற்றிக்கொண்டு, குடல் அவற்றை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதைச் சிதைக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி கோதுமையிலேயே இருக்கிறது. ஆனால் மாவில் புளிப்பு ஏறிய பிறகுதான் அது நன்றாக வேலை செய்யும், அதற்கு நேரமும் வேண்டும். ஆகவே தவிடு நீக்காத முழுக்கோதுமை மாவை நெடுநேரம் புளிக்கவைக்கும்போதுதான் இந்தப் பயன் பெரிதாகக் கிடைக்கிறது. மீண்டும் சொல்கிறேன், நெடுநேரம் புளிக்கவேண்டும்.

புளிப்பிலுள்ள அமிலங்கள் மாவுச்சத்து செரிக்கும் வேகத்தைக் குறைப்பதால், இரத்தச் சர்க்கரை மெதுவாக உயரக்கூடும். எனினும், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 20 பேருக்கு வெள்ளை ரொட்டியையும் முழுக்கோதுமைப் புளித்த ரொட்டியையும் ஒவ்வொரு வாரம் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எந்த ரொட்டி சர்க்கரையை அதிகம் ஏற்றியது என்பது ஆளுக்கு ஆள் மாறியது. இந்த ரொட்டியை நேசிக்கும் நான் இதை மறைப்பது முறையாகாது.

ரொட்டியில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பதாக நம்புவோரும் உண்டு. சுடும்போது ரொட்டியின் உட்புறமே 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுவதால் அவை மடிந்துவிடுகின்றன. நமக்குக் கிடைப்பது, சுடுவதற்கு முன் அவை செய்துமுடித்த வேலையின் பலன்.

நேரம் முடிவதாகச் சைகை வந்துவிட்டது. வயிற்று உப்புசத்தைத் தூண்டும் ஃபிரக்டான் என்ற கோதுமை நார்ச்சத்து புளிப்பினால் குறைவதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். அதற்கு இனி இடமில்லை. ஆயினும் இதைச் சொல்லாமல் விடைபெற முடியாது: குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தைப் புளிப்பு ஓரளவே சிதைக்கிறது என்பதால், அந்தப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் கோதுமையில் செய்த இந்த ரொட்டியை, அது எத்தனை மணி நேரம் புளித்திருந்தாலும், உண்ணக் கூடாது. நன்றி, வணக்கம்.