சில நொடிக் கைகுலுக்கல்

(திரையில்: நீளமான வரிசை, முடிவில் ஒரு மேசை)

உங்கள் முறை வந்துவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண் உங்கள் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "மறுபடியும் வந்துட்டீங்களா!" என்று சிரிக்கிறார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தோளில் இன்னொரு கை விழுகிறது. நகர வேண்டும். திருப்பதியில் 'ஜருகண்டி' கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஜப்பானில் இந்த வேலை பார்ப்பவரை 'ஹகாஷி' என்கிறார்கள், ஒட்டிக்கொண்டிருப்பதை உரித்தெடுப்பவர்.

ஏகேபி48 என்ற பெண்கள் பாட்டுக் குழு 2005-இல் டோக்கியோவின் அகிஹபாராவில், 250 பேர் கொள்ளும் அரங்கில் தொடங்கியது. 'போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்' என்பதே அவர்கள் விளம்பரம். ஐடல் என்றால், ரசிகர்களோடு நெருக்கம் காட்டுவதையும் தொழிலாகக் கொண்ட பாட்டு, நடன நட்சத்திரம். கைகுலுக்கும் சீட்டு சிடியோடு வரும். ஒரு சீட்டுக்குச் சில நொடிகள். சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் நேரம் கூடும். ஒரே சிடியில் பத்தை வாங்கும் ரசிகர்கள் உண்டு. பாட்டு கேட்க ஒரு சிடி போதும். மீதி ஒன்பதை எதற்கு வாங்குகிறார்கள் என்று இப்போது புரியும்.

1956-இல் ஹார்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள், டிவியில் நம்மைப் பார்த்துப் பேசுபவரிடம் நமக்கு வரும் ஒருதலை நெருக்கத்துக்கு 'பாராசோஷியல்' என்று பெயர் வைத்தார்கள். அந்த டிவி நமக்குப் பதில் பேசாது. ஐடல் தொழில் அதைப் பேச வைத்தது, அளந்து அளந்து.

ரசிகர்களை ஏமாளிகள் என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய நொடி என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சிக்கல், அதே காசைக் காட்டி அந்தப் பெண்ணின் மீதி வாழ்க்கையிலும் பங்கு கேட்கும்போதுதான். 2013 ஜனவரியில் ஏகேபி48-இன் மினேகிஷி மினாமி ஓர் ஆணின் வீட்டில் இரவு தங்கியதாக வார இதழ் ஒன்று எழுதியது. அவர் மொட்டைத் தலையோடு யூடியூபில் அழுது மன்னிப்புக் கேட்டார். வயது 20.

(திரையில்: கைபேசி, ஒரு சாட்)

சரி, தென் கொரியாவுக்கு வருவோம். அங்கே வரிசைகூட வேண்டாம். 2020-இல் வந்த 'பபிள்' செயலியில் மாதச் சந்தா கட்டினால், ஐடல் உங்கள் பெயரைச் சொல்லி "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். பெயரைப் போடுவது செயலி. அதே மெசேஜ் சந்தாதாரர் எல்லோருக்கும் போகும். உங்கள் திரையில் இருவர் மட்டும் பேசுகிறீர்கள்; அவர் திரையில் பதில்கள் வெள்ளமாக ஓடுகின்றன. சந்தா நாட்கள் கூடக்கூட, நீங்கள் எழுதக்கூடிய எழுத்துகளின் எண்ணிக்கையும் கூடும்.

2024 பிப்ரவரியில், ஏஸ்பா என்ற கொரியப் பாட்டுக் குழுவின் கரினா ஒரு நடிகரைக் காதலிக்கும் செய்தி வெளியானது. கோபக்கார ரசிகர்கள் சிலர், கண்டனம் ஓடும் மின்திரை பொருத்திய லாரியைக் கரினாவின் நிறுவனத்தின் வாசலுக்கே அனுப்பினார்கள். மார்ச்சில் கரினா கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஏப்ரல் தொடக்கத்தில், இருவரும் பிரிந்துவிட்டதாக நடிகரின் நிறுவனம் அறிவித்தது.